முதல் தும்மல்

புதுவயல் அரிசி ஆலை, இரவு ஷிப்டு.
கலர் சார்ட்டர் முன்னால் என் நாற்காலி.
வெள்ளை அருவியாக அரிசி இறங்க,
கறுப்பு ஒன்று வந்தால்
காற்று சுண்டி விலக்கும்: டிக்.
டிக்குகளுக்கு நடுவே
பழைய எடைச்சீட்டுகளின் முதுகில்
ஒரு கோளை எழுதுகிறேன்.

அதற்கு இரண்டு நிலா.
இரண்டும் சேர்ந்து மறையும் அமாவாசை
முப்பது ஆண்டுக்கு ஒருமுறை.
காற்றுக்கு வரி, வரிக்கு ஐந்து படிநிலை.
ஆறுகள் ஏன் வற்றின என்பதற்கு
நான்கு சீட்டு, வரைபடத்தோடு.
தூசிக்கு மட்டும் பதினேழு பெயர் வைத்தேன்.
நாற்பத்தோராம் சீட்டுவரை
ஒரு ஆள் வரவில்லை.
நான் விடவில்லை.
சுவரே காயாத வீட்டில்
எப்படிக் குடிவைப்பது?

பெல்ட் மாற்ற வந்த ஃபிட்டர் ஹபீபுல்லா
கிரீஸ் கையோடு வாங்கிப் படித்தார்.
ஒரு லோடு முழுக்க இறங்கும்வரை படித்தார்.
"இம்புட்டுத் தூசி பறக்குதே,
யாருக்கும்மா மூக்கு அரிக்குது?"

கோபம் வந்தது. அவர் போன பிறகும் இருந்தது.
கோளை ஓரமாய்த் தள்ளிவிட்டு
ஒரு பெண்ணை மட்டும் எழுதினேன்.
அழுதாள். ஆறு சீட்டு அழுதாள்.
பிரிந்தவனை நினைத்தாள், பிறகும் அழுதாள்.
மறுவாரம் ஹபீபுல்லா:
"பாவந்தான். ஆனா எங்க நிக்குது இந்தப் புள்ள?
காலுக்குக் கீழ ஒண்ணையும் காணோமே.
பள்ளத்தூர் பஸ் ஸ்டாப்புல நின்னு அழுதாலும்
இதே அழுகைதான?"

ஞாயிற்றுக்கிழமை, ஓசூரிலிருந்து வந்த
சித்தி மகள் எழிலுக்காகக் கானாடுகாத்தான் போனோம்.
டிக்கெட் வாங்கி ஒரு பெரிய வீட்டுக்குள் நுழைந்தோம்.
வழிகாட்டி தூணைத் தட்டினார்: பர்மாத் தேக்கு.
தரை இத்தாலி. கண்ணாடி பெல்ஜியம்.
சுவருக்குள் முட்டை வெள்ளைக்கரு;
எத்தனை ஆயிரம் முட்டை என்று
கணக்கும் வைத்திருந்தார்.
முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு.
எழில் கொட்டாவியை மறைக்கவில்லை.
என் நாற்பத்தோரு சீட்டையும்
வேறொருவர் வாயால் கேட்டுக்கொண்டே நடந்தேன்.

மூன்றாம் கட்டில்
கயிற்றில் ஒரு துண்டு. ஈரம்.
ஓரத்தில் ஒரு சொட்டு திரண்டு
விழலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.
வழிகாட்டி அவசரமாக எங்களைத் திருப்பினார்.

யாரோ குளித்திருக்கிறார்கள்.

அப்போதுதான் அந்த வீட்டுக்குக் கூரை வந்தது.
முற்றத்தில் வெயில் விழுந்தது.
இத்தனை நீளக் கயிற்றில்
ஒரே ஒரு துண்டுதான் என்பது உறைத்தது.
தேக்கு எத்தனை டன் என்றார்?
இப்போது நினைவில்லை.

அன்றிரவு தவிட்டுத் தூசியில்
நானே இரண்டு முறை தும்மினேன்.
புதுச் சீட்டு எடுத்தேன்:

    சிகப்பி தும்மினாள்.
    கழுத்துப் பட்டையில் எண் இறங்கியது;
    அரைநாள் காற்று போயிற்று.
    வரிசையில் பக்கத்தில் நின்றவன்
    முகத்தைத் திருப்பிக்கொண்டான்,
    கடன் கேட்டுவிடுவாளோ என்று.

வரியைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.
தூசியின் பதினாறு பெயர்களை அடித்தேன்.
ஒன்றை வைத்துக்கொண்டேன்,
அவள் திட்டுவதற்கு.
இரண்டாம் நிலா
முப்பதாம் சீட்டில் அப்படியே கிடக்கிறது.
என்றைக்காவது கழுத்து வலித்து
அவள் நிமிர்ந்தால் பார்க்கட்டும்.

ஹபீபுல்லா நின்றபடியே படித்தார்.
நன்றாயிருக்கிறது என்று சொல்லவில்லை.
கிரீஸ் துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு
மெல்ல, அளந்து, மூச்சு விட்டார்.
பிறகு கேட்டார்:
"கடன் குடுத்தானா அந்தப் பய?"

அடுத்த லோடு
இறங்கத் தொடங்கியிருந்தது.